டப்பாவில் வந்த பிள்ளையும் கீழ்ப்படிதலின் வரலாறும்

குழந்தை இலக்கியம் என்றாலே நமது சிறுபத்திரிகைக்காரர்களுக்கு ஒரு இளக்காரம் உண்டு. காக்கா நரிக் கதையில் எழுத என்னய்யா இருக்கு என்கிற பார்வை. தோழர்களுக்கோ பிரச்சினை வேறு. குழந்தைக் கதையென்றால் அது 'நல்ல கருத்து' சொல்ல வேண்டும், முற்போக்காக இருக்க வேண்டும். இரண்டு தரப்பும் ஓரிடத்தில் ஒத்துப்போகிறது: குழந்தை ஒரு வெற்றுப் பாத்திரம், அதில் எதை ஊற்றுவது என்பதுதான் கேள்வி. ஊற்றுகிற கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கையைப் பற்றியது. அதைப் பேசுவதற்கு நான் எடுத்துக்கொள்வது ஒரு சிரிப்புப் புத்தகம்.

ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவைச் சேர்ந்த கிறிஸ்டீனே நோஸ்ட்லிங்கர் 1975இல் ஜெர்மன் மொழியில் எழுதிய 'கொன்ராட் அல்லது டப்பாவிலிருந்து வந்த பிள்ளை'தான் அந்தப் புத்தகம். மறுவருஷமே ஆன்தியா பெல் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். நான் படித்ததும் ஆங்கிலம் வழியாகத்தான்.

கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பர்ட்டொலொட்டி அம்மாள் தனியாக இருப்பவள். கம்பளம் நெய்து விற்றுப் பிழைக்கிறாள். முகத்தில் அப்பிய சாயம், கண்டபடி உடுப்பு, சாப்பாட்டுக்கு நேரமும் கிடையாது முறையும் கிடையாது. வீடு ஒரே குப்பைக்காடு. பத்திரிகையில் விளம்பரக் கூப்பனைப் பார்த்துவிட்டால் போதும், வெட்டி நிரப்பி அனுப்பிவிடுவாள். தேவையா தேவையில்லையா என்ற யோசனையே வராது. ஒருநாள் வீட்டுக்குப் பெரிய டப்பா ஒன்று வருகிறது. திறந்தால் உள்ளே சுருங்கிப்போன குட்டி உருவம். கூடவே வந்த சத்துக் கரைசலை அதன் மேல் ஊற்றியதும் ஏழு வயதுப் பையனாக நிமிர்கிறது. பெயர் கொன்ராட். அசல் ஃபாக்டரி சரக்கு.

பையன் சொக்கத் தங்கம். மரியாதையாகப் பேசுவான், வேளைக்குப் படுப்பான். மிட்டாய் கொடுத்தால் பல்லுக்கு ஆகாது என்பான். அவள் பாடுகிற பாட்டின் சொற்களைக் கேட்டு அவனுக்குத்தான் கூச்சம் வருகிறது. பிள்ளைக்கு எது நல்லது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை, பிள்ளைக்கு எல்லாம் தெரிகிறது. அம்மாளின் நண்பர் எகோன் மருந்துக்கடைக்காரர். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் நண்பராக இருப்பது என்று இருவருக்குள் ஏற்பாடு. ஒழுங்கே உருவான இந்த மனுஷன் பையனைப் பார்த்ததும் சொக்கிப்போய், நானே அப்பாவாக இருக்கிறேன் என்கிறார். அதே கட்டடத்தில் குடியிருக்கும் கிட்டி என்கிற சிறுமி கொன்ராட்டுக்குத் தோழியாகிறாள். பிறகு தொழிற்சாலையிலிருந்து ஓலை வருகிறது: விலாசம் மாறிவிட்டது, முறைப்படி ஆர்டர் கொடுத்த பெற்றோர் வேறொருவர், சரக்கைத் திருப்பிக் கொடுங்கள். கொடுக்க மறுத்தால் நீலச் சீருடை ஆட்கள் வருவார்கள்.

தப்பிக்கக் கிட்டி ஒரு வழி சொல்கிறாள். சரக்கைப் பழுதாக்கிவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் அல்லவா? கொன்ராட்டைக் கெட்ட பிள்ளையாக்குவது. அப்படியே நடக்கிறது. ஆர்டர் கொடுத்தவர்களும் தொழிற்சாலைக்காரர்களும் வந்து நிற்கும்போது பையன் போடுகிற ஆட்டத்தைப் பார்த்து, இந்தச் சனியன் எங்களுக்கு வேண்டவே வேண்டாம் என்று ஓடிவிடுகிறார்கள்.

கிறுக்கு அம்மாவுக்கு வாய்த்த உத்தமப் பிள்ளை என்று இதைச் சிரித்துவிட்டு மூடிவைக்கலாம். ஆனால் இந்தப் பிரதியில் யார் கிறுக்கு? ஊர் அம்மாளைக் கிறுக்கு என்கிறது. பிரதி சத்தமில்லாமல் எதிர்ப்பக்கம் கையைக் காட்டுகிறது: சொன்னபடி கேட்பதற்காகவே தயாரிக்கப்பட்ட ஒரு குழந்தைதான் விபரீதம் என்று. இது வெறும் வேடிக்கைத் தலைகீழாக்கம் அல்ல. அந்த மொழியில், அந்த நகரத்தில், கீழ்ப்படிதலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் ரத்தம் இருக்கிறது.

1

முதலில் பெயர். ஜெர்மன் மொழி பேசுகிற வீடுகளில் கொன்ராட் என்ற பெயரைக் கேட்டதும் கட்டைவிரல் ஞாபகம் வராமல் இருக்காது. ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து டாக்டர் ஹைன்ரிஷ் ஹோஃப்மான் தன் மூன்று வயது மகனுக்காக 1844 கிறிஸ்துமஸ் சமயத்தில் படம் வரைந்து கதை எழுதிய நோட்டு ஒன்று மறுவருஷம் அச்சாகியது. பின்னாளில் 'ஸ்ட்ருவல்பீட்டர்' என்ற பெயரில் உலகம் முழுக்கப் போனது அதுதான். பரட்டைத்தலைப் பீட்டர் என்று தமிழில் சொல்லலாம். அதில் ஒரு பையன் விரல் சூப்புகிறான். விரல் சூப்பாதே என்று சொல்லிவிட்டு அம்மா வெளியே போகிறாள். அவன் சூப்புகிறான். தையற்காரன் பெரிய கத்தரிக்கோலோடு பாய்ந்து வந்து இரண்டு கட்டைவிரலையும் நறுக்கிவிட்டுப் போகிறான். அந்தப் பையனின் பெயர் கொன்ராட்.

சூப் குடிக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கிற இன்னொரு பையன் ஐந்தே நாளில் இளைத்துச் செத்துப்போகிறான். இதுவும் சிரிப்புப் புத்தகம் என்றுதான் வெளிவந்தது. முதல் பதிப்பின் தலைப்பிலேயே வேடிக்கைக் கதைகள் என்று இருந்தது. ஹோஃப்மான் கொடூரமானவர் அல்ல. அன்றைய உபதேசப் புத்தகங்களின் சலிப்பைப் பொறுக்காமல் எழுதியவர். அவர் மிகைப்படுத்திக் கிண்டல்தான் செய்கிறார் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. இருக்கலாம். ஆனால் கத்தரிக்கோல் பிள்ளைகளின் தூக்கத்தில் வந்தது கிண்டலாக வரவில்லை.

இங்கே ஒரு தகவல் முக்கியம். 1851இல் ஹோஃப்மான் அதே நகரத்து மனநோய் விடுதியின் தலைமை மருத்துவரானார். விடுதியைச் சீர்திருத்தியவர் என்ற நல்ல பெயரும் பெற்றார். குழந்தைக்கான புத்தகமும் பைத்தியத்துக்கான கட்டடமும் ஒரே கையிலிருந்து வருகின்றன. பகுத்தறிவுக்கு வெளியே நிற்பவர்கள் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு இனம்கண்ட இரண்டு தரப்பு குழந்தையும் பைத்தியமும். இருவரையும் அன்பாகவே திருத்த வேண்டும். திருந்தாவிட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றி அந்த அன்பு வாய் திறப்பதில்லை.

விரலை வெட்டிய 130 வருஷம் கழித்து அதே பெயரில் ஒரு பையன் டப்பாவிலிருந்து எழுந்து வருகிறான். இவன் விரலை யாரும் வெட்டத் தேவையில்லை. கத்தரிக்கோல் உள்ளேயே வைத்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள். தண்டனை வெளியே இருந்து உடலின் மேல் விழுந்த காலம் போய், கண்காணிப்பே தன்னிலைக்குள் குடியேறிவிடுகிற காலம் வந்ததைப் பற்றி மிஷல் ஃபூக்கோ எழுதிய 'கண்காணிப்பும் தண்டனையும்' பாரிஸில் வெளிவந்ததும் அதே 1975இல்தான். ஒருவரை ஒருவர் படித்திருக்க வாய்ப்பில்லை. படிக்க வேண்டிய அவசியமும் இல்லை. பள்ளிக்கூடம், பட்டாளம், ஆஸ்பத்திரி, தொழிற்சாலை எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று வரைந்த படங்கள் என்று ஃபூக்கோ நிறுவுவதைக் குழந்தைக் கதை ஒரே வரியில் செய்கிறது: பிள்ளையையே தொழிற்சாலையில் செய்துவிடுகிறது.

2

இடையில் ஒரு காலம் இருக்கிறது. அதைத் தாண்டாமல் 1845இலிருந்து 1975க்குப் போகமுடியாது.

1934இல் மியூனிக்கில் யோஹன்னா ஹாரர் என்ற பெண் டாக்டர் 'ஜெர்மன் தாயும் அவளது முதல் குழந்தையும்' என்று ஒரு கையேடு எழுதினார். பிறந்த குழந்தையை முதல் நாள் முழுக்கத் தாயிடமிருந்து தனியே வை. அழுதால் தூக்காதே. கொஞ்சாதே. வேளை தவறிப் பால் கொடுக்காதே. தூக்கினால் அது உன்னை ஆளும் கொடுங்கோலனாகிவிடும். நாஜி ஆட்சியில் தாய்மார்களுக்கான பயிற்சி வகுப்புகளில் இதுதான் பாடம். தலைவனுக்காகச் சாகப் போகிறவனைத் தொட்டிலிலேயே பழக்க வேண்டும் அல்லவா. பாசிசம் மேடையிலும் அணிவகுப்பிலும் மட்டும் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அழுகிற குழந்தையைத் தூக்காமல் படுத்திருக்கும் தாயின் கையிலும் இருக்கிறது. இதில் இன்னும் கசப்பான விஷயம், போர் முடிந்ததும் அந்தப் புத்தகம் செத்துவிடவில்லை. தலைப்பிலிருந்து 'ஜெர்மன்' என்ற சொல்லை எடுத்தார்கள், இனவாதப் பகுதிகளை வெட்டினார்கள், மறுபடி அச்சடித்தார்கள். 1987 வரைக்கும் பதிப்புகள் வந்தன. மொத்தம் 12 லட்சம் பிரதிகள்.

நோஸ்ட்லிங்கர் 1936இல் பிறந்தவர். ஹெர்னால்ஸ் என்ற உழைப்பாளர் பகுதியில் வளர்ந்தவர். அப்பா கடிகாரம் பழுதுபார்ப்பவர், அம்மா மழலையர் பள்ளி ஆசிரியை. இருவரும் நாஜிகளுக்கு எதிரான சோஷலிஸ்டுகள். குண்டு விழுந்த வியன்னாவையும் ரஷ்யப் படை நுழைந்ததையும் ஒன்பது வயதுக்கு முன் பார்த்த பெண். அதை 1973இல் ஒரு நாவலாகவே எழுதினார்.

அதே நகரத்தின் மேற்கு விளிம்பில், ஸ்டைன்ஹோஃப் மனநோய் மருத்துவமனை வளாகத்தில் 1940இல் குழந்தைகளுக்கான விடுதி ஒன்று தொடங்கினார்கள். பெயர் 'அம் ஷ்பீகல்க்ருண்ட்'. உடல் ஊனம், மனவளர்ச்சிக் குறை, பரம்பரைக் கோளாறு, வளர்க்கச் சிரமமான பிள்ளை என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் அங்கே போனார்கள். 1945க்குள் அங்கே கொல்லப்பட்ட குழந்தைகள் 789 பேர். தூக்கமருந்தை அளவுக்கு மீறிக் கொடுத்தும் பட்டினி போட்டும் கொன்றுவிட்டு, ஏட்டில் நிமோனியா என்று எழுதினார்கள். அவர்களது மூளைகளைக் கண்ணாடிக் குடுவைகளில் போட்டு வைத்தார்கள்.

ஹைன்ரிஷ் க்ரோஸ் அங்கே பணிபுரிந்த டாக்டர்களில் ஒருவர். போருக்குப் பிறகு அந்த மூளைகளை வைத்தே ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினார், நீதிமன்றங்களுக்கு மனநோய் நிபுணரானார், சமூக ஜனநாயகக் கட்சியில் உறுப்பினரானார். அந்த விடுதியில் சிறுவனாக அடைக்கப்பட்டுச் சித்திரவதைப்பட்டுத் தப்பித்த ஃப்ரீட்ரிஷ் ஸவ்ரெல் என்பவரை 1970களின் நடுவில் சிறையில் பரிசோதிக்க வந்த அரசு நிபுணர் யார் தெரியுமா? அதே க்ரோஸ். 1975இல் ஆஸ்திரியக் குடியரசு அவருக்கு அறிவியலுக்கும் கலைக்குமான கௌரவச் சிலுவை கொடுத்தது. திரும்பப் பெற 2003 வரை ஆனது. குழந்தைகளின் எச்சங்கள் வியன்னா மத்திய மயானத்தில் புதைக்கப்பட்டது 2002இல். க்ரோஸ் மீதான வழக்கு 2000இல் அவரது ஞாபகமறதியைக் காரணம் காட்டி நின்றுபோயிற்று. தண்டனை எதுவும் இல்லாமல் 2005இல் செத்தார்.

கொன்ராட் கதையில் இதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ஆசிரியர் இதை மனதில் வைத்து எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு பிரதி எந்த மண்ணில் வாசிக்கப்படுகிறதோ அந்த மண்ணும் பிரதியின் பகுதிதான். பழுதான பிள்ளை, தரம் குறைந்த பிள்ளை, திரும்ப எடுத்துக்கொள்ள வரும் சீருடை ஆட்கள் என்பதெல்லாம் அந்த ஊரில் வெறும் கற்பனை கிடையாது. உத்தமமான குழந்தையைத் தயாரிக்கலாம் என்று நினைக்கிறவன், உத்தமமில்லாத குழந்தையை என்ன செய்வது என்ற கேள்விக்கும் மனசுக்குள் பதில் வைத்திருக்கிறான். சிரிப்புக்குக் கீழே ஓடுகிற குளிர் இதுதான்.

3

இதற்கு எதிர்வினை எழாமல் இல்லை. 1966 ஏப்ரலில் அடோர்னோ வானொலியில் ஆற்றிய 'ஆஷ்விட்ஸுக்குப் பிறகு கல்வி' என்ற உரை, எந்தக் கல்விக்கும் முதல் கடமை ஆஷ்விட்ஸ் மறுபடி நடக்காமல் பார்த்துக்கொள்வது என்றது. கடினமாக இருக்கப் பழக்குவது என்ற பழைய கல்வி லட்சியத்தையே அவர் குற்றவாளியாக நிறுத்தினார். தன் வலியைப் பொருட்படுத்தாதவன் அடுத்தவன் வலியையும் பொருட்படுத்தமாட்டான் என்பது அவர் வாதத்தின் சாரம். அடியாத மாடு படியாது என்று சொல்லிப் பழகிய நமக்கும் இது உறைக்க வேண்டும்.

அடுத்த மூன்று வருஷத்தில் மாணவர் கிளர்ச்சி. மேற்கு பெர்லினில் காலியான கடைகளை வாடகைக்குப் பிடித்து, அடிக்காத, மிரட்டாத குழந்தைப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். கடையில் நடந்ததால் 'கிண்டர்லாடன்', குழந்தைக்கடை என்றே பெயர். இவற்றைத் தொடங்கியது பெண்கள் என்பதை வரலாறு சௌகரியமாக மறந்துவிடும். புரட்சித் தோழர்கள் கூட்டத்தில் பேச, தோழியர் வீட்டில் பிள்ளை பார்க்க என்றிருந்த நிலைமை பொறுக்காமல்தான் அது நடந்தது. 1968 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட்டில் சோஷலிச மாணவர் மாநாட்டில் ஹெல்கே ஸாண்டர் இதைப் பேசினார். ஆண் தலைவர்கள் காதில் போட்டுக்கொள்ளாமல் அடுத்த விஷயத்துக்குப் போனபோது இன்னொரு தோழி தக்காளி எடுத்து அவர்கள் மேல் வீசினார். ஜெர்மன் பெண்ணிய இயக்கத்தின் வரலாறு எழுதுகிறவர்கள் பலரும் அந்தத் தக்காளியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

ஆஸ்திரியாவில் இதே காலம் க்ரைஸ்கி ஆட்சி. 1974ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிக்கூடத்தில் அடியைத் தடுத்தது. கணவனே குடும்பத்தின் தலைவன் என்று 1811ஆம் ஆண்டுச் சிவில் சட்டம் எழுதிவைத்ததை 1975இல் நிறைவேறிய சட்டம் நீக்கியது. 1976 ஜனவரி 1 முதல் அமல். அதாவது கொன்ராட் கதை கடைக்கு வந்த வருஷம்தான் ஆஸ்திரியக் குடும்பத்தின் தலைவனை நீக்கும் சட்டம் நிறைவேறியது. இதே வருஷம் இதே குடியரசு க்ரோஸுக்குப் பதக்கம் குத்தியதையும் சேர்த்தே படிக்க வேண்டும். முன்னேற்றம் என்கிற பெருங்கதையாடலை அப்படியே நம்புகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இந்தப் பின்னணியில் பர்ட்டொலொட்டி அம்மாளைப் பார்க்கலாம். அவள் 'மோசமான தாய்' என்பதற்குக் கதை அடுக்குகிற சான்றுகள் எல்லாம் என்ன? சம்பாதிக்கிறாள். புருஷன் கிடையாது. அலங்காரம் செய்துகொள்கிறாள். துடைத்துப் பெருக்குவதில்லை. நண்பனை வாரத்தில் இரண்டு நாளோடு நிறுத்தி வைத்திருக்கிறாள். இது பைத்தியத்தின் பட்டியலா, சுதந்திரத்தின் பட்டியலா? எகோன் அப்பாவாக ஆனதும் முதல் காரியமாக அவளைத் தாயாக்கப் பார்க்கிறார். ஒழுங்காக உடுத்து, ஒழுங்காகப் பேசு, பிள்ளை இருக்கிறான் பார். குழந்தையின் பெயரால் பெண்ணை அடக்குவது என்பது எவ்வளவு பழைய தந்திரம்! அப்பா-அம்மா-பிள்ளை முக்கோணம்தான் ஆசையை அடைக்கும் முதல் சிறை என்று டெல்யூஸும் கத்தாரியும் 1972இல் எழுதினார்கள். நோஸ்ட்லிங்கர் முக்கோணத்தை உடைப்பதாகச் சபதம் எல்லாம் போடவில்லை. மூன்று மூலையிலும் பொருந்தாத ஆட்களை உட்கார வைத்துவிடுகிறார். அப்பா வாரத்தில் இரண்டு நாள் வருகிறவர், அம்மா கூப்பன் வெட்டித் தாயானவள், பிள்ளை டப்பா.

அவளையும் புனிதையாக்க வேண்டாம். அவளும் நுகர்வின் பிள்ளைதான். போருக்குப் பிந்தைய பொருளாதார அதிசயம் கதவு கதவாகக் கொண்டுபோட்ட தபால் ஆர்டர் பட்டியல்களின் பிடியில் இருப்பவள். குழந்தையும் பண்டமாகிற உலகம் அது. பெற்றோர் வாடிக்கையாளர்கள், பிறப்புச் சான்றிதழ் டப்பாவோடு வருகிற காகிதம். ஆனால் பண்டத்தைத் திருப்பிக் கொடு என்ற இடத்தில் அவள் வாடிக்கையாளராக இருக்க மறுக்கிறாள். சரக்கு வாங்கியவள் உறவு கொண்டவளாகிறாள். வாங்காத ஒன்றை, கேட்காத ஒன்றை, யார் கைக்கோ போக வேண்டிய ஒன்றை வைத்துக்கொள்வேன் என்கிறாள். ரத்தமும் இல்லை, சாதியும் இல்லை, ரசீதும் இல்லை. தாய்மைக்கு இதைவிட நேர்மையான அடிப்படையை நான் படித்ததில்லை.

4

இதுவரை படித்த தோழர்கள் தலையாட்டியிருப்பார்கள். இனி வருவதுதான் நமக்கான பகுதி.

கிட்டி எப்படிக் கொன்ராட்டைக் கெட்ட பிள்ளையாக்குகிறாள்? தப்பு செய்தால் பாராட்டு. மரியாதையாகப் பேசினால் தண்டனை. தொழிற்சாலை என்ன முறையில் செய்ததோ அதே முறை. பாடத்தை மட்டும் திருப்பிப் போட்டாயிற்று. கொன்ராட் ஏன் கெட்ட பிள்ளையாகிறான்? சொன்னதால். அவன் கலகமே அவனது கடைசிக் கீழ்ப்படிதல். நீலச் சட்டைக்காரர்கள் முன் அவன் கத்தியபோது நாமெல்லாம் கைதட்டுகிறோம். அவன் மட்டும் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறான்.

நோஸ்ட்லிங்கர் இதைக் கவனிக்காமல் விடவில்லை. ஆபத்து நீங்கியதும் பையன் கேட்கிறான்: இனிமேல் எப்போதும் இப்படியேதான் இருக்க வேண்டுமா? எகோன் பதறிப்போய் வேண்டவே வேண்டாம் என்கிறார். அப்படியானால் பழையபடி ஆகிவிடவா? அம்மாள் பதறிப்போய் அதுவும் வேண்டாம் என்கிறாள். கிட்டிதான் சமாதானம் சொல்கிறாள், பார்த்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி. புத்தகம் அதோடு முடிகிறது. தீர்வு கிடையாது. விடுதலை பெற்றவனுக்கு விடுதலை பெற்றபின் யாராக இருப்பது என்று தெரியவில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கும் ஆஸ்திரியாவே சாட்சி. ஒட்டோ ம்யூல் என்ற கலகக் கலைஞர், பூர்ஷ்வா ஒழுக்கத்தை மேடையில் நார்நாராகக் கிழித்த வியன்னா ஆக்‌ஷனிஸ்டுகளில் ஒருவர், 1970களின் தொடக்கத்தில் ஒரு கம்யூனை நிறுவினார். பிற்பாடு அது புர்கன்லாந்தில் ஃப்ரீட்ரிஷ்ஹோஃப் என்ற இடத்துக்குப் போனது. தனிச்சொத்து கிடையாது, ஜோடி கிடையாது, குடும்பம் கிடையாது. குழந்தைகள் எல்லோருக்கும் பொது. குடும்பத் தலைவன் ஒழிந்தான் என்று அறிவித்த இடத்தில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே தலைவன் உட்கார்ந்தான். தினசரிக் கூட்டத்தில் குழந்தைகளும் அவன் முன்னால் நின்று தங்கள் 'சுதந்திரத்தை' நடித்துக் காட்ட வேண்டும். 1991இல் சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்காக ம்யூலுக்கு ஏழு வருஷச் சிறை. அங்கே பிறந்து வளர்ந்த பால்-யூலியன் ராபர்ட் 2012இல் எடுத்த ஆவணப்படம் அந்தக் குழந்தைகளின் முகங்களைக் காட்டியது. தடை இல்லாத, வெட்கம் இல்லாத, பயம் இல்லாத புதிய மனிதனைத் தயாரிக்கப் போனவர்கள் நட்டது இன்னொரு தொழிற்சாலையை.

ஆகவே பழைய ஒழுங்கே நல்லது என்று இதைப் பிடித்துக்கொண்டு யாரும் கிளம்ப வேண்டாம். 789 குழந்தைகளைக் கொன்றது கலகம் அல்ல, ஒழுங்கு. கட்டளை உள்ள இடத்தில் கலகம் என்ற சொல்லும் கட்டளையாகிவிடும் என்பதே நான் சொல்வது. குழந்தையை அடிப்பதை வீட்டுக்குள்ளும் ஆஸ்திரியா 1989இல் சட்டத்தால் தடுத்தது. ஸ்வீடன், ஃபின்லாந்து, நார்வேக்கு அடுத்து நான்காவது நாடு. அடிக்கிற கையைச் சட்டம் பிடிக்கலாம். ஊற்றுகிற கையைச் சட்டத்தால் பிடிக்க முடியாது. அது நம்முடைய வேலை.

நோஸ்ட்லிங்கர் கடைசிவரை அந்த வேலையைச் செய்தார். 1984இல் ஆண்டர்சன் பதக்கம், 2003இல் முதல் லிண்ட்கிரென் நினைவுப் பரிசு என்று எல்லா மரியாதையும் வந்த பிறகும், 2015 மே 5ஆம் தேதி நாஜிகளால் பலியானவர்களின் நினைவு நாளில் நாடாளுமன்றத்தில் நின்று, தன் சிறுவயது வியன்னாவின் யூத வெறுப்பையும் இன்றைய இனவெறியையும் ஒன்றுசேர்த்துப் பேசினார். 2018இல் காலமானார்.

கடைசியாக ஒன்று, சொந்தக் கதை. இந்தப் புத்தகத்தை என் மகளுக்குத் தமிழில் வாய்மொழியாகச் சொன்னேன். அவளுக்கு ஏழு வயது, கொன்ராட்டின் வயது. எங்கள் வீட்டில் சாமி படம் கிடையாது. உறவினர் வீட்டுக்குப் போனால் அவள் விபூதி வைத்துக்கொள்ள மாட்டாள். பெரியவர்கள் யாராவது கேட்டால் ஏன் என்று காரணமும் சொல்வாள். அதில் எனக்கு ரொம்பப் பெருமை. நண்பர்கள் வந்தால் சொல்லச் சொல்லிக் கேட்பேன். கதை முடிந்ததும் அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அப்பா, கொன்ராட்டுக்கு என்னதான் பிடிக்கும்? அதை யாருமே அவங்கிட்ட கேக்கலையே."

எனக்குப் பதில் தெரியவில்லை. அவளிடம் நான் அதைக் கேட்டிருக்கிறேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.